பட்ஜெட்டுக்குள்ள நல்ல பால்சாமிக் வினிகர் எப்படி பாத்து வாங்கறது?

குழப்பவாதி:
மக்களே ஒரு உதவி. சாலட்டுக்கும் அப்பப்ப தக்காளி, மோட்சரெல்லா சீஸ் மேல ஊத்திக்கவும் ஒரு பால்சாமிக் (திராட்சைல செய்யற கருப்பு இத்தாலிய வினிகர்) வேணும்னு கடைக்கு போனா ஒரு ஷெல்ஃப் முழுக்க அதேதான் நிக்குது. ஒண்ணு தண்ணி விலை, பக்கத்துலயே பாக்க அதே மாதிரி கருப்பு பாட்டில் அஞ்சாறு மடங்கு விலை, அதுக்கும் மேல ஒரு குட்டி பாட்டிலை கண்ணாடி பெட்டிக்குள்ள பூட்டியே வெச்சிருக்காங்க. எல்லாத்துலயும் மொடேனா மொடேனான்னு (இத்தாலில ஒரு ஊராம்) போட்டிருக்கு, சிலதுல பெருசா 12ன்னு நம்பர், சிலதுல தங்க மெடல் படம். எதையும் எடுக்காம திரும்பி வந்துட்டேன். சொத்தை எழுதிக் குடுக்கற மாதிரி இல்ல, அதுக்காக நாக்கு கூசற சமாச்சாரமும் வேண்டாம். பிராண்ட் பேரு சொல்லாதீங்க ப்ளீஸ், உங்க பக்கம் கிடைக்கறது இங்க கிடைக்காது. எதை பாத்து வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க.

அரைவேக்காடு:
எல்லாம் ஒண்ணுதான் பாஸ். சாதா வைன் வினிகர்ல சர்க்கரையும் கலரும் போட்டா முடிஞ்சுது கதை. இருக்கறதுலயே மலிவானதை எடுத்து அடுப்புல வெச்சு சுண்ட விடுங்க, பூட்டி வெச்ச பாட்டிலுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது.

பீப்பாய்ப்பித்தன்:
@அரைவேக்காடு பேருக்கு ஏத்த மாதிரியே பேசறீங்களே தல.

அந்த பூட்டி வெச்ச குட்டி பாட்டில்ல வைன் வினிகர் ஒரு சொட்டு கூட கிடையாது. அது ட்ரடிஷனல், இத்தாலிய லேபிள்ல "திராதிசியோனாலே"ன்னு இருக்கும். திராட்சையை பிழிஞ்ச சாறை திறந்த பாத்திரத்துல மணிக்கணக்கா காய்ச்சுவாங்க, அப்புறம் அதை வரிசையா அடுக்கின மரப் பீப்பாய்ல விட்டுருவாங்க, பெரிய பீப்பாய்ல ஆரம்பிச்சு போகப் போக சின்னதாகும், ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிபர்னு ஒவ்வொண்ணு ஒவ்வொரு மரம். இதெல்லாம் வீட்டு மாடத்துல கூரைக்கு கீழ இருக்கும். வெயில் காலத்துல கொதிக்கற சூட்டுல தண்ணி ஆவியாகி கெட்டியாகும், குளிர்ல அடங்கி தெளியும். வருஷத்துக்கு ஒரு தடவை கடைசி சின்ன பீப்பாய்ல இருந்து கொஞ்சம் எடுப்பாங்க, எடுத்ததுக்கு பதிலா அதுக்கு முந்தின பீப்பாய்ல இருந்து ஊத்துவாங்க, அப்படியே மேல மேல போயி முதல் பீப்பாய்ல அந்த வருஷத்து புது சாறு விழும். குறைஞ்சது 12 வருஷம். எக்ஸ்ட்ராவெக்கியோன்னு போட்டிருந்தா 25. அதுக்கப்புறமும் சும்மா பாட்டில்ல அடைக்க முடியாது, ருசி பாக்கற குழு ஒண்ணு யாரோட சரக்குன்னு தெரியாம குடிச்சு பாத்து பாஸ் போட்டாத்தான் உண்டு.

மொடேனாவோடதுன்னா அந்த 100 மில்லி பாட்டில் வடிவமே ஒண்ணே ஒண்ணுதான், உருண்டை வயிறு, அடில கட்டையா செவ்வகம். முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரை வரைஞ்ச ஜுஜாரோ டிசைன் பண்ணது. பக்கத்து ரெஜ்ஜோ எமிலியாவோடதுக்கு கவுத்து வெச்ச துலிப் பூ மாதிரி தனி பாட்டில், தரத்தை பொறுத்து சிவப்பு, வெள்ளி, தங்கம்னு லேபிள் நிறம் மாறும். இதை அடுப்புல சுண்ட வெச்சு செஞ்சிடலாம்னா நான் என்னத்த சொல்றது.

அரைவேக்காடு:
அவரு பட்ஜெட்னு கேட்டாரு, நீங்க காருக்கு போயிட்டீங்க 😄

லேபிள்லிங்கம்:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க, அவரு கேட்டதுக்கு பதில் நடுவுலதான் இருக்கு.

குழப்பவாதி, ஷெல்ஃப்ல நிக்கறது மொத்தம் மூணு சாதி. பித்தன் அண்ணன் சொன்ன ட்ரடிஷனல் ஒண்ணு, சிவப்பும் மஞ்சளுமா வட்ட முத்திரை இருக்கும், டிஓபின்னு பேரு (ஊர் பேரை காக்கற முத்திரைலயே கறாரானது). 2000ல இருந்து ஐரோப்பிய சட்டத்துல பதிவு. 12 வருஷத்ததே 100 மில்லிக்கு பல பத்து யூரோ ஆகும், அதனால உங்க கணக்குல வராது, விட்டுருங்க. ரெண்டாவது நீலமும் மஞ்சளுமா முத்திரை போட்டது, ஐஜிபி (இதுவும் ஊர் பேரை காக்கறதுதான், ஆனா விதி தளர்வு), 2009ல பதிவாச்சு. "அச்சேத்தோ பால்சாமிகோ தி மொடேனா"ன்னு மட்டும் இருக்கும், திராதிசியோனாலேங்கற வார்த்தை இருக்காது. நீங்க பாத்ததுல முக்காவாசி இதான். மூணாவது "கொந்திமெந்தோ"ன்னு போட்டது, இல்லன்னா வெறும் பால்சாமிக் டிரெஸ்ஸிங்னு போட்டது, இதுக்கு முத்திரையும் கிடையாது விதியும் கிடையாது.

ஐஜிபிக்கு சட்டம் கேக்கறது ரொம்ப கம்மி, அதான் விஷயமே. காய்ச்சின இல்ல செறிவாக்கின திராட்சை சாறு குறைஞ்சது 20 சதவீதம், வைன் வினிகர் குறைஞ்சது 10 சதவீதம், மரத் தொட்டியில குறைஞ்சது 60 நாள், அமிலம் குறைஞ்சது 6 சதவீதம், நிறத்துக்கு கேரமல் 2 சதவீதம் வரைக்கும் சேத்துக்கலாம். 20க்கும் 10க்கும் மேல மீதி எப்படி வேணா இருக்கலாம்ல, ஒருத்தர் 25 சதவீதம் சாறு போடுவாரு இன்னொருத்தர் 75 போடுவாரு, ரெண்டுக்கும் அதே நீல முத்திரை அதே பேரு. தண்ணி விலைக்கும் அஞ்சு மடங்கு விலைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் பெரும்பாலும் இந்த விகிதம்தான், வயசு கூட அப்புறம்தான்.

அதனால முன் பக்கத்தை பாக்காதீங்க. பாட்டிலை திருப்புங்க. சேர்மானத்துல முதல்ல என்ன போட்டிருக்கு? எது எடை அதிகமோ அது முதல்ல வரணும், அது சட்டம். வைன் வினிகர் முதல்ல இருந்தா புளிப்பு சரக்கு, திராட்சை சாறு முதல்ல இருந்தா இனிப்பா கெட்டியா இருக்கும். இத்தாலியன்லயே இருந்தா "மோஸ்தோ"ன்னு தொடங்கறது சாறு, "அச்சேத்தோ தி வீனோ" வைன் வினிகர்.

அப்புறம் யாரும் பாக்காத ஒரு இடம், சத்து விவர அட்டவணை. 100 மில்லிக்கு சர்க்கரை எத்தனை கிராம்னு பாருங்க. சட்டப்படி லிட்டருக்கு 110 கிராம் சர்க்கரை இருந்தாலே போதும், அதாவது 100 மில்லிக்கு 11. மலிவானது இதுக்கு கொஞ்சம் மேல நிக்கும். நல்ல கெட்டியானது 50ஐ தாண்டும். ஐஜிபி முத்திரை இருந்தா வெளி சர்க்கரை கலக்க கூடாது, அப்ப அந்த சர்க்கரை அத்தனையும் திராட்சைல இருந்து வந்ததுதான் (கேரமல் கொஞ்சம் தவிர). அதாவது எவ்ளோ சாறு போட்டிருக்காங்கன்னு மறைமுகமா அங்க எழுதி வெச்சிருக்கு.

கரண்டிராணி:
லிங்கம் சொன்னது அத்தனையும் சரி. ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேன் தம்பி, ஒரே பாட்டில்ல எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு பாக்காதீங்க, அங்கதான் காசு வீணாகும். சாலட் டிரெஸ்ஸிங்ல ஆலிவ் ஆயில், கடுகு, உப்பெல்லாம் கலந்து அடிக்கறதுக்கு புளிப்பு வேணும், அதுக்கு வினிகர் முதல்ல இருக்கற மலிவானதே பொருத்தம், கெட்டியானதை போட்டா டிரெஸ்ஸிங் ஜாம் மாதிரி இனிக்கும், இலை எல்லாம் துவண்டு ஒட்டிக்கும். வெங்காயம் வதக்கறது, கறி ஊற வைக்கறது, சாஸ் கிளறறது இதுக்கும் அதேதான். கெட்டியானது தக்காளி மோட்சரெல்லா மேல, ஸ்ட்ராபெர்ரி மேல, பார்மீஜானோ சீஸ் துண்டு மேல, வெண்ணிலா ஐஸ்கிரீம் மேல சொட்டு சொட்டா விட. அது மாசக்கணக்குல வரும். ரெண்டையும் சேத்து பாத்தா செலவு நடுத்தர பாட்டில் ஒண்ணை வாங்கி எல்லாத்துக்கும் ஊத்தி தீக்கறதை விட கம்மியாதான் வரும்.

குழப்பவாதி:
ஆஹா இப்பதான் கொஞ்சம் வெளிச்சம் வருது. இன்னிக்கு மறுபடி போயி மூணு பாட்டிலோட பின்பக்கத்தை போட்டோ எடுத்துட்டு வந்தேன், கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தாரு. டைப் பண்றேன்.

அ: ஐஜிபி முத்திரை. வைன் வினிகர், செறிவாக்கின திராட்சை சாறு, நிறத்துக்கு கேரமல். அமிலம் 6%. சர்க்கரை 17 கிராம். இருக்கறதுலயே மலிவு. முன் பக்கம் பெருசா கோட்டை படம்.

ஆ: ஐஜிபி. காய்ச்சின திராட்சை சாறு, வைன் வினிகர். அவ்ளோதான். அமிலம் 6%. சர்க்கரை 58. அ-வை விட நாலு மடங்கு விலை, ஆனா அளவு அதே 250 மில்லி.

இ: முத்திரை எதுவும் காணோம். "கொந்திமெந்தோ", பெருசா 12. திராட்சை சாறு, வைன் வினிகர், குளுக்கோஸ் சிரப், கேரமல், கெட்டியாக்கும் மாவுப்பொருள். சர்க்கரை 60. விலை ஆ-வை விட ஜாஸ்தி!! மரப்பெட்டி வேற.

12ன்னு போட்டிருக்கே, 12 வருஷம் தானே அது?

லேபிள்லிங்கம்:
அருமை, பாடப்புத்தகத்துல போடற மாதிரி மூணு உதாரணம் கொண்டு வந்துட்டீங்க.

இ-யை தொடாதீங்க. 12ன்னா 12 வருஷம்னு எங்கயாவது எழுதியிருக்கா? இருக்காது. வெறும் நம்பர்தான். கேட்டா எங்க கலவையோட நம்பர்னு சொல்லிக்கலாம். ஐஜிபியோட 2009 விதில வயசை பத்தி அனுமதிச்ச ஒரே வார்த்தை "இன்வெக்கியாத்தோ", 3 வருஷத்துக்கு மேல பீப்பாய்ல இருந்தா அதை போட்டுக்கலாம், வருஷ எண்ணிக்கை போட முடியாது. ரிசர்வ், எக்ஸ்ட்ரா, சுப்பீரியர், கிளாசிக் மாதிரி அடைமொழியும் கூடாது. அதனாலதான் இந்த நம்பர் விளையாட்டு எல்லாம் முத்திரை இல்லாத பாட்டில்ல அதிகம் நடக்குது. குளுக்கோஸ் சிரப் போட்டதால சர்க்கரை 60ன்னு காட்டுது, மாவு போட்டதால கெட்டியா ஓடுது, நான் மேல சொன்ன ரெண்டு அடையாளத்தையும் காசு செலவில்லாம உருவாக்கியிருக்காங்க பாருங்க. அதனால வரிசை முக்கியம்: முதல்ல சேர்மானம், அது சுத்தமா இருந்தா மட்டும் அப்புறம் சர்க்கரை அளவு. தலைகீழா பாத்தா ஏமாந்துருவோம்.

பீப்பாய்ப்பித்தன்:
கொந்திமெந்தோ எல்லாமே இப்படித்தான்னு யாரும் எடுத்துக்காதீங்க, அது அநியாயம். ட்ரடிஷனல் செய்யற சில குடும்பங்களே 12 வருஷம் ஆகாத சரக்கை, இல்லன்னா ருசி குழுவுக்கு அனுப்பாத சரக்கை கொந்திமெந்தோன்னு தனியா விப்பாங்க. வெறும் காய்ச்சின சாறு மட்டும் போட்டு சில வருஷம் பீப்பாய்ல வெச்சது, இல்ல அதுல நல்ல வைன் வினிகர் கொஞ்சம் சேத்தது. காசுக்கு கிடைக்கற ருசின்னு பாத்தா என்னை பொறுத்தவரைக்கும் இதுக்கு மேல எதுவும் இல்ல. சேர்மானத்துல ஒண்ணு இல்ல ரெண்டு பொருள்தான் இருக்கணும், செஞ்சவங்களோட அச்சேதாயா (வினிகர் வளர்க்கற இடம்) பேரும் ஊரும் பாட்டில்ல இருக்கணும், வெறும் "இவர்களுக்காக அடைக்கப்பட்டது"ன்னு இருந்தா வேண்டாம்.

ஐஜிபி முத்திரையை ரொம்ப நம்பறதும் தப்பு லிங்கம். திராட்சை ரகம் பட்டியல்ல இருக்கணும், லாம்ப்ருஸ்கோ, த்ரெப்பியானோ, சாஞ்சொவேசே அந்த மாதிரி ஏழு, ஆனா அது மொடேனாவுல விளையணும்னு கட்டாயம் இல்ல. கலந்து மரத்துல வைக்கற வேலை மட்டும் மொடேனா, ரெஜ்ஜோ எமிலியா மாகாணத்துக்குள்ள நடந்தா போதும்.

லேபிள்லிங்கம்:
ஒத்துக்கறேன் அண்ணே, நல்ல கொந்திமெந்தோ நல்லதுதான். ஆனா புதுசா வாங்கற ஆளுக்கு அது கண்ணிவெடி நிலம், விதி இல்லாத இடத்துல நல்லவனும் கெட்டவனும் ஒரே சட்டை போட்டுட்டு நிப்பான். ஐஜிபில குறைஞ்சபட்சம் என்ன கலக்க கூடாதுன்னு ஒரு கோடு இருக்கு.

இன்னொண்ணு, பால்சாமிகோங்கற வார்த்தையை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. 2019 டிசம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லிடுச்சு, பாதுகாப்பு முழு பேருக்குத்தான், அச்சேத்தோ, பால்சாமிகோ தனித்தனி வார்த்தைக்கு கிடையாதுன்னு. ஒரு ஜெர்மன் கம்பெனி ஜெர்மனில செஞ்ச வினிகருக்கு அந்த வார்த்தையை போட்டு வித்த கேஸ். அதுக்காக அது மட்டமான வினிகர்னு அர்த்தம் இல்ல, மொடேனா வினிகர் இல்லன்னு மட்டும்தான் அர்த்தம்.

அரைவேக்காடு:
என் சுண்ட வைக்கற ஐடியாவை யாரும் மதிக்கவே இல்ல. அ-வை வாங்கி பாதியா சுண்ட வெச்சா ஆ வந்துராது? பாதி காசு மிச்சம்.

கரண்டிராணி:
வராது ப்பா. தண்ணி 100 டிகிரில கொதிக்கும், வினிகர்ல இருக்கற அசெட்டிக் அமிலம் கொதிக்க 118 வேணும். அடுப்புல வெச்சா தண்ணிதான் அதிகமா போகும், அமிலத்துல கொஞ்சம்தான் போகும் (அந்த கொஞ்சமே கண்ணை எரிக்கும், ஜன்னலை திறந்து வைங்க). அதனால சுண்டினது இனிப்பும் ஏறி புளிப்பும் ஏறி ரெண்டும் மல்லுக்கு நிக்கும். ஆ-வுல சாறை தனியா காய்ச்சி அப்புறம் வினிகரை சேத்திருக்காங்க, அங்க இனிப்பு மட்டும் ஏறியிருக்கு, புளிப்பு 6லயே நிக்குது. பீப்பாய் வாசனை அது வேற கதை, அதை அடுப்பு தராது.

ஆனா சுண்ட வைக்கறதே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். வறுத்த காய்கறி மேல, கிரில் பண்ண கோழி மேல ஊத்த அது நல்லாவே இருக்கும், கடைல விக்கற கிளேஸ் பாட்டிலை விட எவ்வளவோ மேல், அதுல பெரும்பாலும் மாவு, சாந்தன் கம் மாதிரி கெட்டியாக்கற பொருளை சேத்திருப்பாங்க. அலுமினிய பாத்திரம் வேண்டாம், ஸ்டீல்ல வைங்க, தீ சிறுசா, கொதி குமிழ் மெதுவா வரணும். கரண்டி பின்னாடி லேசா ஒட்ட ஆரம்பிச்சதுமே இறக்கிடுங்க, ஆறினதும் இன்னும் கெட்டியாகும். சூடா இருக்கறப்பவே தேன் பதம் வர வரைக்கும் விட்டா ஆறினப்புறம் பாத்திரத்தை சுரண்டி எடுக்கணும்.

அரைவேக்காடு:
சரிக்கா, 118 மேட்டர் புதுசு. ஆனாலும் பாதி காசுக்கு முக்கா ருசின்னா எனக்கு போதும், என் ஓட்டு அ-வுக்குத்தான்.

சும்மாவந்தேன்:
நடுவுல வேற பேச்சு எடுக்கறேன் மன்னிக்கணும், வெள்ளை பால்சாமிக்னு ஒண்ணு இருக்கே அது என்ன கணக்கு?

லேபிள்லிங்கம்:
சாறு கருக்காம இருக்க கம்மி சூட்டுல செறிவாக்கி வெள்ளை வைன் வினிகரோட கலக்கறது. ஐஜிபி மொடேனா வினிகர் பழுப்பு நிறத்துலதான் இருக்கணும், அதனால வெள்ளைக்கு அந்த முத்திரை வராது, கொந்திமெந்தோ கணக்குலதான் வரும். தட்டுல நிறம் கெட கூடாதுன்னா நல்லா இருக்கும், மீன், வெள்ளரி அந்த மாதிரி. கருப்போட ஆழம் எதிர்பாக்காதீங்க.

குழப்பவாதி:
அப்ப என் முடிவு, அ ஒண்ணு ஆ ஒண்ணு. ஆ-வை வாங்கறதுக்கு முன்னாடி வேற எதாவது பாக்கணுமா? கடைல திறந்து ருசி பாக்க விட மாட்டாங்க.

பீப்பாய்ப்பித்தன்:
பாட்டிலை மெதுவா சாய்ச்சு நிமித்துங்க. நல்லதா இருந்தா உள் கண்ணாடில படலமா ஒட்டி நிதானமா இறங்கும், நிறம் கருப்பு இல்லாம வெளிச்சத்துல ஆழ்ந்த பழுப்பா தெரியும். சேர்மானம் பாத்தப்புறம்தான் இந்த சோதனை, மாவு போட்டதும் ஒட்டத்தான் செய்யும். சில பேர் லேபிள்லயே அடர்த்தி (தண்ணிக்கு 1) போட்டிருப்பாங்க, ஐஜிபிக்கு குறைஞ்சது 1.06, மொடேனா ட்ரடிஷனலுக்கு குறைஞ்சது 1.24. ஐஜிபி பாட்டில்லயே 1.25க்கு மேல போட்டிருந்தா சாறு தாராளமா விட்டிருக்காங்கன்னு எடுத்துக்கலாம். வீட்டுக்கு வந்ததும் உலோக கரண்டி இல்லாம பீங்கான் இல்ல பிளாஸ்டிக் ஸ்பூன்ல சும்மா ருசி பாருங்க, பிரெட்ல தொட்டு பாத்தா பிரெட் பாதியை மறைச்சுடும். முதல்ல இனிப்பு வரும், நடுவுல புளிப்பு எழும்பும், விழுங்கினப்புறம் ரெண்டுல எது தங்குதுன்னு கவனிங்க. நல்லதுல ரெண்டுமே தங்கும். வெறும் எரிச்சல் மட்டும் தொண்டைல நின்னா அதை சமையல் பாட்டில் ஆக்கிடுங்க.

குழப்பவாதி:
ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமா?

கரண்டிராணி:
வேண்டாம். ரெண்டையுமே அலமாரில அடுப்பு சூடு படாம மூடி இறுக்கி வைங்க, வருஷக்கணக்குல கெடாது. ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஆ இன்னும் கெட்டியாகி சொட்டவே சொட்டாது. அடில மண்டி படிஞ்சா பயப்படாதீங்க, வடிகட்டிக்கலாம். ஆஸ்துமா, சல்ஃபைட் அலர்ஜி யாருக்காவது வீட்ல இருந்தா மட்டும் லேபிள்ல அந்த வரியை பாத்துக்கோங்க, பெரும்பாலான ஐஜிபில சல்ஃபைட் இருக்கும்.

அப்புறம் ஆ-வை அடுப்புல இருக்கற பாத்திரத்துல ஊத்தாதீங்க. இறக்கி தட்டுல வெச்சப்புறம் மேல விடுங்க.

அரைவேக்காடு:
ஆ வாங்கினப்புறம் ஒரு ஸ்பூன் அதையும் ஒரு ஸ்பூன் சுண்ட வெச்ச அ-வையும் கண்ணை மூடிட்டு ருசி பாத்துட்டு இங்க வந்து சொல்லுங்க. உண்மையை சொல்லணும்.

குழப்பவாதி:
சொல்றேன் தல. சனிக்கிழமை கடைக்கு போறேன்.